பதினாறு நாள் கல்

ஒரே வீட்டிலிருந்து இரண்டு புகார்கள் வந்திருந்தன.

முதலாவதை மகள் எழுதியிருந்தாள். "அப்பாவுக்கு ஒட்டு தப்பாகச் சொல்கிறது. அழித்த விஷயம் திரும்பி வந்துவிட்டது. தயவுசெய்து உடனே எடுங்கள்." இரண்டாவது, அப்பாவே உதவி மையத்துக்குப் போன் போட்டுச் சொன்னது. அங்கிருந்த பெண் பாவம், காதில் விழுந்ததை அப்படியே தட்டி அனுப்பியிருந்தாள். "இப்பதான் சரியாச் சொல்லுது. யாரும் அதுல கை வைக்கக் கூடாது. வச்சா நான் நேர்ல வருவேன்."

நசீமா இரண்டையும் படித்தாள். ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தாள். ஏசி ஓடாத அறையில் ஏப்ரல் மாதத்து மத்தியானம். பாளையங்கோட்டையில் ஃபேன் கடைக்கு மேல் மாடியில் ஆபீஸ், ஆனால் இவள் தலைக்கு மேல் இருந்த ஃபேன் மட்டும் கிறீச்சிட்டுக்கொண்டு சுற்றியது. இருபது வருடமாக இதே வேலை. அடுத்தவர் எழுதிய தப்பைத் திருத்துவது, திருத்தியதை ஒருவருக்கும் தெரியாமல் ஊருக்கு அனுப்புவது.

பத்தாயம் என்றால் என்னவென்று தெரியாதவர்கள் இருக்கலாம். மறதிக் காய்ச்சல் வந்து போனதே, அது ஆளைக் கொல்லாமல் நினைவில் ஓட்டை போட்டுவிட்டுப் போயிற்று. காய்ச்சலுக்கு முன்னால் நடந்ததெல்லாம் பளிச்சென்று நினைவிருக்கும். பின்னால் நடந்தது எதுவும் ஒரு தூக்கத்தைத் தாண்டாது. அப்படிப்பட்டவர்களின் காதுக்குப் பின்னால் நகத்தளவு ஒரு வில்லையை ஒட்டினார்கள். அதன் பெயரே ஒட்டுதான். பகல் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்து, வேண்டியதைப் பொறுக்கிப் பத்தாயத்தில் எழுதி வைக்கும். மறுநாள் காலையில் அதே காதில் திரும்பச் சொல்லும். இன்று புதன்கிழமை, மாடிப்படி விளக்கு எரியாது பார்த்து இறங்கவும், மகளுக்கு வேலை மாறியிருக்கிறது. தமிழ்நாட்டில் மட்டும் சில லட்சம் பேருக்கு நேற்று என்ற ஒன்று இருந்தால், அது பத்தாயத்தில்தான் இருந்தது. அதைப் பராமரிக்க ஒரு காலத்தில் ஒரு தளம் நிறைய ஆட்கள். இப்போது நசீமா ஒருத்தி, சென்னையில் இருந்துகொண்டு அவளை விரட்டி வேலை வாங்கக் கிஷோர் ஒருவன்.

கிஷோர் போனில் வந்தான். "நசீமா, வெள்ளிக்கிழமை புது வெர்ஷன் போயே ஆகணும். அழிச்சதெல்லாம் எழுந்து வருதுன்னு வெளிய தெரிஞ்சா நம்ம கதை முடிஞ்சுது."

"காரணத்தைக் கண்டுபிடிச்சிட்டேன். திருத்திரலாம்."

"சூப்பர். ரிலீஸ் நோட்ஸ்ல ஒண்ணும் விளக்காதீங்க. வழக்கமான வரியைப் போடுங்க. பிழைத் திருத்தங்கள், ஆவண மேம்பாடுகள்."

"ஏன் கிஷோர், அழிச்சது செத்தவன் மாதிரி எந்திரிச்சு வந்திருக்கு. அதுக்கும் அதே வரிதானா?"

"எல்லாத்துக்கும் அதே வரிதான். அப்புறம், ஒரே கேஸுக்கு ரெண்டு புகார் டிக்கெட் இருக்கு பாருங்க, ஒண்ணை மூடிடுங்க."

"எதை மூட?"

"காய்ச்சல்காரர் குடுத்ததை. அவங்க பேச்சு சட்டப்படி செல்லாதே."

அது உண்மைதான். காய்ச்சல்காரர்கள் பத்தாயத்தில் எதையும் சேர்க்கச் சொல்லலாம், அழிக்கச் சொல்ல முடியாது. அழிக்கக் காப்பாளர் கையெழுத்து வேண்டும். மூடுவதற்குக் கையைக் கொண்டுபோன நசீமா, முகவரியைப் பார்த்தாள். பெருமாள்புரம். ஸ்கூட்டரில் போனால் ஒரு பாட்டு முடிவதற்குள் போய்விடலாம். இருபது வருடத்தில் தன் வேலை எந்த மனுசன் காதில் போய் விழுகிறது என்று அவள் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. வெயிலைப் பார்த்து முணுமுணுத்துக்கொண்டே சாவியை எடுத்தாள்.

ஆவுடையப்பன் கதவைத் திறந்ததும் முதலில் கைக்கடிகாரத்தைத்தான் பார்த்தார். தேய்த்த சட்டை, படிய வாரிய நரைத்த தலை. பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"மூணு மணின்னு போன் பண்ணினிய. மூணு பத்து."

"ரயில்வே கேட்ல மாட்டிக்கிட்டேன்யா."

"எல்லா டிரைவரும் அதைத்தான் சொல்லுவான். உள்ள வாங்க."

மகள் கோமதிக்கு நாற்பது வயதிருக்கும். ஏதோ கம்பெனிக்கு வீட்டிலிருந்தே கணக்குப் பார்க்கிறவள். கண்ணுக்குக் கீழே கருத்துப்போயிருந்தது. மோரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, அப்பா பக்கம் பார்க்காமல் உட்கார்ந்தாள்.

விஷயம் இதுதான். கோமதியின் தம்பி சிவசு, இரண்டு வருடத்துக்கு முன்னால் கயத்தாறு பக்கம் லாரி மோதி இறந்துபோனான். அப்பாவுக்குக் காய்ச்சல் வந்தது அதற்கும் முன்னால். அந்தச் சாவுச் செய்தியைப் பத்தாயத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். சிவசு மஸ்கட்டில் வேலை பார்க்கிறான் என்று வேறொன்றை எழுதி வைத்தார்கள். போன வாரம் ஒரு காலையில் ஒட்டு இரண்டையும் அடுத்தடுத்து, ஒரே குரலில், நிதானமாகச் சொல்லிற்று. உங்கள் மகன் மஸ்கட்டில் இருக்கிறான். உங்கள் மகன் இறந்துவிட்டான்.

"அழிச்சா அழிஞ்சிரும்னுதானே சொன்னீங்க?" என்றாள் கோமதி. "இது எப்படித் திரும்ப வந்துச்சு?"

நசீமா அடுக்களைப் பக்கம் கையைக் காட்டினாள். "டப்பாக்கு மேல பேர் எழுதி ஒட்டியிருக்கீங்கல்லா, துவரம்பருப்பு, உளுந்துன்னு? பேரைச் சொன்னா உள்ள இருக்கது வரும். பத்தாயமும் அம்புட்டுதான். ஒரே அடுக்களையா இருந்து தீப்பிடிச்சா எல்லாம் போச்சுல்லா? அதனால இதே மாதிரி மூணு ஊர்ல மூணு அடுக்களை. இங்க ஒண்ணு, ஓசூர்ல ஒண்ணு, தூத்துக்குடில ஒண்ணு. ஒண்ணுல ஒரு டப்பா குறைஞ்சா, மத்தது பாத்து நிரப்பி வச்சிரும்."

"சரி."

"அழிக்கதுலதான் வம்பு. சும்மா எடுத்துட்டா, பக்கத்து அடுக்களை 'அய்யய்யோ தொலைஞ்சு போச்சே'ன்னு திரும்பக் கொண்டாந்து வச்சிரும். அதனால டப்பாவை எடுத்த இடத்துல ஒரு கல்லை வைப்போம். கல்லைப் பாத்தா, 'தெரிஞ்சேதான் எடுத்திருக்காங்க'ன்னு மத்ததும் புரிஞ்சுக்கிடும். தன் டப்பாவையும் எடுத்துட்டு அங்கயும் ஒரு கல்லை வைக்கும். பதினாறு நாள் கழிச்சு கல்லையும் எடுத்துருவோம். இடத்தை அடைக்கும்லா."

"கல்லையும் எடுத்துட்டா?"

"அதுக்குள்ள மூணு ஊருக்கும் சேதி போயிருக்கும்னு கணக்கு." நசீமா மோரை ஒரு வாய் குடித்தாள். "ரெண்டு வருசத்துக்கு முன்ன ஒரு புயல்ல தூத்துக்குடி சென்டருக்குள்ள கடல் தண்ணி புகுந்துச்சு. பூட்டிட்டாங்க. ரெண்டு இருந்தா ஓடும்லா, அப்படியே ஓட்டிட்டாங்க. போன வாரம்தான் குத்துவிளக்கு ஏத்தித் திறந்தாங்க. அது பூட்டிக் கிடந்த காலத்துல இங்க கல்லு வச்சதும் அதுக்குத் தெரியாது, கல்லை எடுத்ததும் தெரியாது. கண்ணைத் திறந்ததும், 'என்னப்பா, இந்த டப்பாவெல்லாம் உங்ககிட்ட இல்லையே'ன்னு எல்லாத்தையும் தூக்கிக் குடுத்துருச்சு. திறக்குமுன்ன அதைச் சுத்தமாத் துடைச்சிருக்கணும். துடைக்கணும்னு எந்த ஆவணத்துலயும் எழுதல."

"அது ஏன் பதினாறு நாள்?"

இருபது வருடத்தில் இந்தக் கேள்வியை நசீமாவே கேட்டதில்லை. "தெரியலம்மா. பதினாறுன்னு போட்டிருக்கும். பக்கத்துல 'மாற்ற வேண்டாம்'னு இருக்கும்."

ஆவுடையப்பன் தொண்டையைச் செருமினார்.

"யம்மா, நான் ஒண்ணு சொல்லுதேன். தினமும் காலையில இது எனக்கு என்ன சொல்லும் தெரியுமா? 'எந்திரிச்சதும் நெஞ்சு பாரமா இருக்கும். பயப்பட வேண்டாம். டாக்டர்ட்ட காட்டியாச்சு, ஒண்ணுமில்ல.' ரெண்டு வருசமா சொல்லுதாம். ஒண்ணுமில்லாததுக்கு எதுக்குப் பாரம்? இப்பத் தெரிஞ்சு போச்சுல்லா. காலையில கேக்கேன். அழுதேன். அழுதா, பத்து மணிக்கு ஒரு வாய் இட்லி இறங்குது." அவர் கைக்கடிகாரத்தைத் திருகிவிட்டுக்கொண்டார். "என் மவன் செத்தது பால்காரனுக்குத் தெரியும், மாடி வீட்டுக்காரனுக்குத் தெரியும். பெத்தவன் எனக்கு மட்டும் அவன் மஸ்கட்ல இருக்கானாக்கும்? எந்த ஊரு நியாயம் இது?"

கோமதி தலையைக் குனிந்துகொண்டாள். நசீமாவுக்கு அவள்மேல் கோபம் வந்தது. அப்பன் அழுவதைப் பார்க்கச் சகிக்காமல் மகனையே ஒளித்து வைத்திருக்கிறாள், தன் சௌகரியத்துக்கு.

"பாக்கேன்யா" என்று எழுந்தாள்.

"பாக்கேன்னு சொன்ன ஆபீசர் எவனும் செஞ்சதில்ல. இருந்தாலும் பாருங்க."

படி இறங்கும்போது பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. கோமதி. கீழே தண்ணீர் மோட்டார் இரைந்துகொண்டிருந்தது. அதன் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள், மேலே கேட்காமலிருக்க.

"அப்பா சொன்னதைக் கேட்டு, அப்படியே விட்டுருவீங்களா மேடம்?"

"அவுக கேக்கது நியாயம்தானே? நீங்க அழிச்சிருக்கவே கூடாதும்மா." நசீமாவின் குரல் அவள் நினைத்ததைவிடக் கடுமையாக வந்தது.

கோமதி சிரித்தாள். அப்படி ஒரு வறண்ட சிரிப்பு. "நான் அழிக்கச் சொல்லல மேடம். அப்பாதான்."

"என்னது?"

"கையெழுத்து என்னோடது. கேட்டது அவுக. சிவசு போன பெறவு, தினமும் காலையில அவுகளுக்கு அவன் புதுசாச் செத்தான். நமக்கு ஒரு சாவு, பதினாறு முடிஞ்சா கொஞ்சங்கொஞ்சமா ஆறும். அவுகளுக்கு ஆறவே இல்ல. தினமும் முதல் நாள். 'என்னால முடியல தாயி, எடுத்துரு'ன்னு கேட்டாவ. மாட்டேன்னேன். எங்கப்பா என் கால்ல விழுந்தாவ மேடம்." அவள் மோட்டாரின் மேல் கையை ஊன்றிக்கொண்டாள். "பெறவு ஒரு நாள் மொட்டைமாடிச் சுவர்ல ஏறி உக்காந்திருந்தாவ. அன்னைக்குத்தான் கையெழுத்துப் போட்டேன். போடுமுன்ன அம்மா படத்துல அடிச்சு என்கிட்ட சத்தியம் வாங்கினாவ. 'நானே வந்து கேட்டாலும் திரும்பக் குடுக்காத'ன்னு."

மோட்டார் நின்றது. கோமதி குரலைத் தாழ்த்தினாள்.

"ரெண்டு வருசமா அவன் போன் பண்ணினானான்னு கேப்பாவ. பண்ணினான்ப்பா, நீங்க தூங்கிட்டீங்கன்னு சொல்லுவேன். குளியலறையில பைப்பைத் திறந்து விட்டுட்டு அழுவேன். எனக்கும் தம்பிதானே அவன்? இந்த ஒரு வாரமா ரெண்டு பேரும் சேர்ந்து உக்காந்து அழுதோம். நல்லா இருந்துச்சு மேடம். சொல்லக் கூடாது, ஆனா அம்புட்டு நல்லா இருந்துச்சு."

"பின்ன எதுக்கும்மா புகார் குடுத்தீங்க?"

"சத்தியம் பண்ணியிருக்கேன்லா." முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அதோட, நேத்துச் சாயங்காலம் திரும்ப அந்தச் சுவர்ல உக்காந்திருந்தாவ. என்னப்பான்னா, காத்து வாங்கேன்னு சொல்லுதாவ."

நசீமா கிளம்பினாள். ஸ்கூட்டர் இருக்கை அடுப்புக்கல்லாகச் சுட்டது. அதிலேயே உட்கார்ந்து ஆபீஸ் வந்து சேர்ந்தாள்.

பத்தாயத்தின் முதல் விதி, எது கடைசியாக எழுதப்பட்டதோ அதுவே செல்லும். அந்தக் கணக்குப்படி இன்றைய ஆவுடையப்பன்தான் ஜெயிக்க வேண்டும். ஆனால் இரண்டு வருடத்துக்கு முந்தைய ஆவுடையப்பன், இன்றையவரைப் பற்றி நன்றாகத் தெரிந்துதானே வாசலைப் பூட்டிவிட்டுப் போயிருக்கிறார்? இரண்டும் அவர்தான். இருவர் சொல்வதும் பொய்யில்லை. சட்டத்துக்கு இருவருமே செல்லாதவர்கள். இந்த இழவுக்கு எந்த விதியைப் போடுவது? நசீமாவுக்கு அலுப்பாக வந்தது. உடம்பு அலுப்பில்லை, உள்ளே எங்கேயோ.

ஒன்று மட்டும் நிச்சயம். பிழையைத் திருத்தாமல் விட முடியாது. புயலுக்கு முன் எழுதி, பின்னால் அழித்த அத்தனையும் எழுந்து நின்றுகொண்டிருந்தன. எத்தனையோ வீடுகளில் முடிந்த சாவெல்லாம் காலை காப்பியோடு திரும்ப நடந்துகொண்டிருந்தது. பழைய அழிப்பு விண்ணப்பங்களை வைத்து, இந்த ஒரு வாரத்தில் அவை பற்றி ஒட்டு புதிதாக எழுதியதற்கும் சேர்த்து, கற்களைத் திரும்ப வைத்துவிடலாம், அது ஒரு நாள் வேலை. கற்கள் எத்தனை நாள் கிடக்க வேண்டும் என்பதுதான் கேள்வி. 'மாற்ற வேண்டாம்' என்று எழுதியவனிடமே கேட்டுவிடலாமென்று இசக்கிமுத்துவைக் கூப்பிட்டாள்.

இசக்கிமுத்துதான் பத்தாயத்தின் முதல் வரியை எழுதியவன். இப்போது சிங்கப்பூரில் இட்லி மாவு அரைத்து விற்கிறான். சாஃப்ட்வேர் மாதிரி இல்லை, மாவு புளித்தால் உடனே தெரிந்துவிடும் என்பான்.

"பதினாறா?" போனில் கிரைண்டர் சத்தத்துக்கு மேல் அவன் சிரித்தது கேட்டது. "ஏ, அதையா இன்னும் வச்சிருக்கீங்க!"

"'மாற்ற வேண்டாம்'னு எழுதி வச்சிருக்கியே, பாவி."

"அது உங்க பழைய மேனேஜருக்காக எழுதினது. அந்தாளு தினமும் ஒரு நம்பரை மாத்துவாரு. பதினாறு எங்கருந்து வந்துச்சுன்னு கேக்கியா? எங்கப்பா காரியம் முடிச்சிட்டு ஆபீஸ் வந்த அன்னைக்கு எழுதினது நசீமா. கல்லு எத்தனை நாள் கிடக்கணும்னு ஒருத்தனுக்கும் தெரியல. நான் யோசிச்சேன். ஒருத்தர் போயிட்டா பதினாறு நாளைக்குள்ள எல்லா ஊருக்கும் சேதி போயிரும். சாவுக்கு வராதவன்கூட காரியத்துக்கு வந்துருவான். அதான் போட்டேன். சோதனைக்குத்தான். பெறவு மாத்திக்கிடலாம்னு."

நசீமா நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். லட்சக்கணக்கான பேரின் மறதி, ஒருவன் மொட்டைத் தலையோடு வந்து உட்கார்ந்து போட்ட ஒரு எண்ணில் நின்றுகொண்டிருந்திருக்கிறது. "எல்லா ஊருக்கும் போயிருச்சா அந்தச் சேதி? உங்கப்பா விஷயத்துல?"

கிரைண்டரை நிறுத்தினான் போலிருக்கிறது. "இல்ல. அத்தை ஒருத்தி நாக்பூர்ல இருந்தா. யாரோ சொல்லியிருப்பாங்கன்னு எல்லாரும் நினைச்சோம். ஒருத்தரும் சொல்லல. மறு வருசம் பையைத் தூக்கிக்கிட்டு வந்து இறங்கினா. வாசல்லயே 'அண்ணன் எங்க'ன்னா."

"என்ன சொன்னீங்க?"

"நாங்க எல்லாரும் முழிச்சிக்கிட்டு நின்னோம். எங்கம்மாதான் ஒண்ணும் சொல்லாம போய் அவ பக்கத்துல உக்காந்தா. அம்புட்டுதான். அத்தைக்கே தெரிஞ்சு போச்சு." கிரைண்டர் மறுபடி ஓடத் தொடங்கியது. "எதுக்குக் கேக்க?"

"ஆவணத்துல எழுதணும், ஏன் பதினாறுன்னு."

"எழுதாத தாயே, மானம் போயிரும்" என்றான் இசக்கி.

வியாழக்கிழமை பகல் முழுக்க நசீமா வேலை பார்த்தாள். இனிக் கற்களை எடுப்பதில்லை. வைத்தால் வைத்ததுதான், இடம் அடைத்தால் அடைக்கட்டும். நெடுநாள் பூட்டிய சென்டரைத் துடைக்காமல் திறக்கக் கூடாது என்று ஆவணத்தில் சேர்த்தாள். பதினாறின் கதையையும் சேர்த்தாள், இசக்கியின் பெயரை மட்டும் விட்டுவிட்டு.

அப்போதுதான் அது கண்ணில் பட்டது. ஒவ்வொரு கல்லுக்கும் 'குறிப்பு' என்று ஒரு இடம் இருந்தது. இசக்கி எதற்கோ வைத்துவிட்டு மறந்திருக்கிறான். ஒருவரும் நிரப்பியதில்லை. அதில் ஏதாவது எழுதினால் ஒட்டு காலையில் அதையும் வாசிக்கும். இவ்வளவு நாளும் கல் ஊமையாக இருந்தது. எடுத்தது தெரியாது, எடுத்த இடமும் தெரியாது. அதனால்தான் ஆவுடையப்பன் நெஞ்சுப் பாரத்துக்கு ஈசிஜி எடுத்துக்கொண்டு அலைந்திருக்கிறார்.

நசீமா கோமதிக்குப் போன் போட்டாள். தன் யோசனையைச் சொன்னாள்.

"சத்தியத்தை மீறின மாதிரி ஆகுமா மேடம்?"

"என்னன்னு நாம சொல்லல. ஒண்ணு இருந்துச்சுன்னு மட்டும் சொல்லுதோம். எடுக்கச் சொன்னது அவுகதான்னு சொல்லுதோம். கேட்டா சொல்லவா வேண்டாமாங்கது உங்க இஷ்டம்."

"அவுக கேட்டுட்டா?"

"தெரியலம்மா. எனக்கு நிஜமாவே தெரியல."

கோமதி பெருமூச்சு விட்டாள். "போடுங்க" என்றாள்.

ஆவுடையப்பனின் கல்லில் நசீமா எழுதினாள்: 'இந்த இடத்தில் ஒரு செய்தி இருந்தது. எடுக்கச் சொன்னது நீங்களேதான். தெரிய வேண்டுமென்றால் மகளிடம் கேளுங்கள்.' எழுதி முடித்து, மற்ற கற்களைப் பார்த்தாள். ஆயிரக்கணக்கில் கிடந்தன. அவற்றையெல்லாம் ஊமையாக விட்டுவிட்டு இதற்கு மட்டும் வாய் கொடுப்பது என்ன நியாயம்? ஒரு செய்தி இருந்தது, எடுக்கக் கையெழுத்திட்டவர் இன்னார், வேண்டுமென்றால் கேளுங்கள். எல்லாக் கற்களுக்கும் இதை எழுதும்படி செய்தாள். தெரியாமலே நெஞ்சு வலிப்பதைவிடத் தெரிந்து வலிப்பது மேல் என்று நினைத்தாள், அவ்வளவுதான். தப்பாகவும் இருக்கலாம்.

வெள்ளிக்கிழமை மாலை கிஷோர் கூப்பிட்டான். "ஆவண மேம்பாடுன்னு போட்டிருக்கீங்க, நிஜமாவே ஏதாச்சும் பண்ணீங்களா என்ன?"

"விட்டுப்போன சில வரியைச் சேர்த்தேன்."

"நல்லது, நல்லது" என்று வைத்துவிட்டான். ஆவணத்தை யார் படிக்கிறார்கள்!

சனிக்கிழமை காலை அவள் ஆபீஸுக்குள் நுழையும்போதே புகார்கள் குவிந்து கிடந்தன. மதுரையில் ஒரு வீட்டிலிருந்து மகன் எழுதியிருந்தான். "அம்மாவுக்கு இதை ஏன் சொன்னீர்கள்?" அதே வீட்டிலிருந்து அம்மா போன் செய்திருந்தாள். "இத்தனை நாளாக ஏன் சொல்லவில்லை?" கிஷோர் எட்டுத் தடவை கூப்பிட்டிருந்தான். வேலை போய்விடும் என்று நசீமாவுக்குத் தெரிந்தது. பையை மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். மறுபடி போன் அடித்தது. கிஷோர் என்று நினைத்து எடுத்தாள். கோமதி.

"மேடம், அப்பா காலையில கேட்டாவ."

நசீமா எழுந்து நின்றாள். "என்ன கேட்டாவ?"

"'நானா எடுக்கச் சொன்னேன்?'னாவ. ஆமாப்பான்னேன். 'என்னன்னு உனக்குத் தெரியுமா?'ன்னாவ. தெரியும்னேன். ரொம்ப நேரம் சன்னலைப் பாத்துக்கிட்டே இருந்தாவ. நான் பக்கத்துலயே நிக்கேன். கேட்டா சொல்லிரவான்னு வேற ஒரு மனசு."

"சொல்லிட்டீங்களா?"

"கேக்கவே இல்ல மேடம்." கோமதி மூக்கை உறிஞ்சினாள். "'நானே எடுக்கச் சொல்லியிருந்தா, நான் தாங்க மாட்டாததாத்தான் இருக்கும். எனக்கு வேண்டாம். ஆனா ஏட்டி, இம்புட்டு நாளும் அதை நீ ஒத்தையிலயா வச்சிக்கிட்டு இருந்த? வா. இங்கன வந்து உக்காரு. நீ அழு. என்னன்னு நான் கேக்க மாட்டேன்'னாவ."

கோமதி அழத் தொடங்கினாள். நசீமா போனைக் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, அந்தப் பக்கத்து அழுகையைக் கேட்டுக்கொண்டிருந்தாள். தன் கண்ணிலும் நீர் வழிவதைத் துடைக்கத் தோன்றவில்லை. கொஞ்சம் கழித்துப் பின்னாலிருந்து ஆவுடையப்பனின் குரல் கேட்டது.

"அழுது முடிச்சிட்டியா தாயி? மணி ஒம்பதரை. காப்பி போட்டு வச்சிருக்கேன், ஆறிரப் போகுது. போன்ல யாரா இருந்தாலும் பெறவு பேசச் சொல்லு."